தோடி நின்ற சுருதி எது?

திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் பெயரைச் சொன்னால், தஞ்சைத் தரணியின் இசை ரசிகர் எவரும் அடுத்துச் சொல்லும் சொல் "தோடி" என்பதாகவே இருக்கும். 1898 ஆகஸ்டு 27 அன்று திருமருகலில் பிறந்து, 1956 டிசம்பர் 12 அன்று சென்னையில் மறைந்தவர் அவர். "நாகசுரச் சக்கரவர்த்தி" என்று மக்கள் அவரை அழைத்தனர். காவிரிக்கரைக் கோயில் வீதிகளில் சுவாமி புறப்பாட்டின்போது அவர் வாசித்ததை நேரில் கேட்டவர்கள் இன்று மிகச் சிலரே இருக்கக்கூடும். மற்றவர்களாகிய நமக்கு எஞ்சியிருப்பவை அந்நாளைய இசைத்தட்டுகளும் சில ஒலிப்பதிவுகளுமே.

அந்தத் தட்டுகளையும் இன்று நாம் நேரே கேட்பதில்லை. பழைய தட்டுகளின் இசை நீள் இசைத்தட்டாகவும், கேசட்டாகவும், குறுந்தகடாகவும், இப்போது கைப்பேசியில் கேட்கும் கோப்பாகவும் தொகுக்கப்பட்டு நம்மிடம் வருகிறது. நாகசுரம் பயிலும் மாணவர் ஒருவர் இத்தகைய இரண்டு தொகுப்புகளை வாங்கிக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் கரகரப்பு அதிகம். மற்றொன்றில் ஓசை துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது. அதே தோடிதான், ஆனால் ஒன்றில் சுருதி சற்று ஏறியும் மற்றொன்றில் இறங்கியும் நிற்கிறது. இரண்டில் எது இராஜரத்தினம் பிள்ளை வாசித்தது? எதைக் கேட்டு அவர் பயிலலாம்?

இதற்கு விடை காண, இசைத்தட்டின் வரலாற்றையும் அது வேலை செய்யும் முறையையும் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

அரக்கில் பதிந்த இசை

ஒலியைப் பதிந்து மீண்டும் எழுப்பும் கருவியை எடிசன் 1877-இல் உருவாக்கினார். அதில் ஒலி பதிந்தது உருளையில். எமில் பெர்லினர் 1887-இல் தட்டையான தட்டில் ஒலியைப் பதியும் முறையைக் கண்டார். ஒரு தட்டிலிருந்து அச்சு எடுத்து ஆயிரக்கணக்கில் படிகள் செய்யலாம் என்பதால், விரைவில் தட்டே வென்றது.

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிந்தார். 1908-இல் கல்கத்தாவின் சியால்டாவில் தட்டு அச்சிடும் தொழிற்சாலையே தொடங்கிவிட்டது. சென்னையில் ஏ. வி. மெய்யப்பன் 1932-இல் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி, ஜெர்மனியின் ஓடியன் தட்டுகளை வெளியிட்டார். கிராமபோன் பெட்டியைக் கையால் முறுக்கினால் போதும், மின்சாரம் வேண்டியதில்லை. ஆகவே மின்கம்பம் எட்டாத ஊர்களுக்கும் இசை சென்றது.

அக்காலத் தட்டின் முக்கிய மூலப்பொருள் நம் நாட்டு அரக்கு. பலாசு, பூவம் போன்ற மரங்களின் கிளைகளில் அரக்குப்பூச்சி சுரக்கும் பிசினே அது. அதனுடன் கல்மாவும் கரித்தூளும் கலந்து, சூட்டில் அழுத்தித் தட்டு செய்தார்கள். கல்மா தட்டுக்கு உறுதி தந்தது. கூடவே கரகரப்பையும் தந்தது. எஃகு ஊசியின் முனை தட்டின் பள்ளத்தில் உராய்ந்து ஓடுவதால், ஒரு பக்கம் பாடி முடிந்ததும் ஊசியை மாற்ற வேண்டியிருந்தது. பழைய பதிவுகளில் இன்றும் கேட்கும் அந்த இரைச்சல், பெரும்பாலும் இந்தக் கல்மாவின் குரல்தான்.

மூன்று நிமிடத்தில் ஓர் இராகம்

தட்டு தந்த பெரிய கட்டுப்பாடு நேரம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும், பன்னிரண்டு அங்குலத் தட்டில் 4 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும் மட்டுமே பதிய முடியும். தோடியை மணிக்கணக்கில் வாசிக்கக்கூடியவர் என்று பெயர் பெற்ற கலைஞர், அதன் உருவத்தை அந்தச் சில நிமிடங்களுக்குள் காட்டிவிட வேண்டியிருந்தது. பாதியில் நிறுத்தித் திருத்தவோ, வெட்டி ஒட்டவோ அப்போது வழியில்லை. மெழுகுத் தட்டில் ஊசி இறங்கியதிலிருந்து எழும் வரை வாசித்ததே பதிவு.

ஆகவே ஒரு தொகுப்பைக் கேட்கும்போது, "இவர் தோடியை இவ்வளவு சுருக்கமாகவா வாசித்தார்?" என்று எண்ணுவது தவறாகும். சுருக்கம் தட்டினுடையது. அந்தச் சுருக்கத்துக்குள் இராகத்தை முழுமையாகத் தோன்றச் செய்த திறமை கலைஞருடையது.

கொம்பும் மைக்கும்

தொடக்கத்தில் ஒலிப்பதிவுக்கு மின்சாரம் பயன்படவில்லை. கலைஞர் ஒரு பெரிய கொம்பின் வாய்க்கு எதிரே அமர்ந்து பாடுவார். அந்த ஒலி ஒரு மெல்லிய சவ்வை அசைக்க, சவ்வோடு இணைந்த ஊசி மெழுகில் கோடு கிழிக்கும். இம்முறையில் விநாடிக்கு ஏறத்தாழ 250 முதல் 2500 வரை அதிர்வெண் கொண்ட ஒலிகளே ஓரளவு நன்றாகப் பதிந்தன. அதற்குக் கீழும் மேலும் இருந்தவை பெரும்பாலும் கரைந்துபோயின.

1925-இல் மைக்கும் மின்பெருக்கியும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் வந்தன. பதியும் எல்லை ஏறத்தாழ 5000 அதிர்வுகள் வரை உயர்ந்தது. கீழ் ஒலிகளும் கிடைத்தன. தவிலின் வலந்தலை மட்டுமன்றி, தொப்பியின் கனத்த ஒலியும் கேட்கத் தொடங்கியது.

நாகசுரத்தில் இதன் பயனை எளிதில் உணரலாம். அது சீவாளி வைத்து ஊதும் கருவி. அதன் ஒவ்வொரு சுரத்தோடும் இரு மடங்கு, மும்மடங்கு எனப் பல மடங்கு அதிர்வெண் கொண்ட துணையொலிகள் வலுவாக எழுகின்றன. நாகசுரத்தை நாகசுரமாகக் காட்டுபவை அந்தத் துணையொலிகளே. சுருதி 300 அதிர்வுகள் என்றால், அதன் பத்தாம் மடங்கு 3000. பதினைந்தாம் மடங்கு 4500. கரகரப்பும் பெரும்பாலும் இதே பகுதியில்தான் இருக்கிறது. ஆகவே கரகரப்பை முழுவதும் துடைக்கப் புகுந்தவர், சீவாளியின் உயிரையும் சேர்த்தே துடைத்துவிடுகிறார். மிகத் தூய்மையாக ஒலிக்கும் தொகுப்பில் நாகசுரம் புல்லாங்குழல் போல மழுங்கிக் கேட்டால், காரணம் இதுவே.

78 என்பது எப்போதும் 78 அன்று

இனி சுருதிக்கு வருவோம். பழைய தட்டுகளை நாம் "78 சுற்றுத் தட்டு" என்கிறோம். நிமிடத்துக்கு 78 முறை சுழல்வது என்று பொருள். ஆனால் இந்த எண் மெல்ல மெல்ல நிலைபெற்ற ஒன்று. தொடக்ககாலத் தட்டுகள் எழுபதுக்குச் சற்று மேலிருந்து எண்பதுக்கு மேல் வரை பல வேகங்களில் பதியப்பட்டன. கொலம்பியா கம்பெனி நெடுங்காலம் 80 என்ற வேகத்தையே குறித்து வந்தது. பதியும் எந்திரங்களைச் சுழற்றியதோ பெரும்பாலும் கயிற்றில் கட்டி இறங்கும் எடை. அதன் வேகத்தைச் சீராக்கும் கருவியைப் பதிவாளர் திருகி வைத்த அளவே அன்றைய வேகம்.

ஒரு தட்டு 74 சுற்றில் பதியப்பட்டது என்று கொள்வோம். பிற்காலத்தில் தொகுப்பவர் அதை 78-இல் சுழற்றினால் என்ன ஆகும்? நேரம் குறையும், எல்லா அதிர்வெண்களும் 78/74 மடங்கு, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 5.4 பங்கு உயரும். அடுத்தடுத்த இரு சுரத்தானங்களுக்கு இடையே உள்ள வேறுபாடே நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்குதான். ஆகவே 4 சுற்று வேறுபாடு ஏறத்தாழ அரைக் கட்டை சுருதியை ஏற்றிவிடுகிறது. 295 அதிர்வுகளில், அதாவது ஏறத்தாழ 2 கட்டையில் வாசித்தவர், 311 அதிர்வுகளில், அதாவது இரண்டரைக் கட்டையில் வாசித்தவராகக் காட்சி தருவார். பிருகாக்களும் அதே அளவு விரைந்து ஓடும். கேட்பவர் "என்ன வேகம்!" என்று வியப்பார். அந்த வேகத்தில் ஒரு பங்கு எந்திரத்தினுடையது என்பது அவருக்குத் தெரியாது.

நம் நாட்டில் மின்னோட்டம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதனால் ஒரு மின்விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்குகிறது. 77 கறுப்புக் கோடுகள் வரைந்த வட்ட அட்டையைச் சுழலும் தட்டின் மேல் வைத்து, அந்த வெளிச்சத்தில் பாருங்கள். கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தோன்றினால் வேகம் 77.92 சுற்று. இவ்வாறு சுழலும் வேகத்தைச் சரியாக அறியலாம். ஆனால் பதிந்தபோது இருந்த வேகம் என்ன என்பதை இந்த அட்டை சொல்லாது. அதற்கு வேறு சான்று வேண்டும்.

நரசிங்கம்பேட்டையிலிருந்து ஒரு சான்று

வாய்ப்பாட்டுக்காரரின் சுருதி நாளுக்கு நாள் சிறிது மாறலாம். நாகசுரம் அப்படியன்று. அது துளையிட்ட மரம். உலவின் நீளமும் துளைகள் அமைந்த இடமும் அதன் சுருதியை வரையறுத்துவிடுகின்றன. ஆகவே கலைஞர் எந்தக் கருவியில் வாசித்தார் என்று தெரிந்தால், தட்டை எந்த வேகத்தில் சுழற்ற வேண்டும் என்பதையும் கணக்கிட்டுவிடலாம்.

ஆனால் இராஜரத்தினம் பிள்ளையிடம் இந்த வழியும் எளிதாக இல்லை. காரணம், அவர் கருவியையே மாற்றியவர். அவருக்கு முன் பெரிதும் வழங்கியது திமிரி என்னும் குட்டையான நாகசுரம். அதன் சுருதி 4 கட்டை, 5 கட்டை என உயர்ந்து நிற்கும். நான்கு மாட வீதிக்கும் கேட்க வேண்டிய கருவிக்கு அந்த உச்சம் பொருத்தமாக இருந்தது. இராஜரத்தினம் பிள்ளை நீளம் கூடிய பாரி நாகசுரத்தைக் கைக்கொண்டு, 2 கட்டை, இரண்டரைக் கட்டை என்று சுருதியைத் தாழ்த்தினார். காற்றுத் தூண் நீண்டால் அதிர்வெண் குறையும் என்பது நாம் பள்ளியில் படித்த பாடமே. தாழ்ந்த சுருதியில் நாதம் கனத்தது. நீண்ட ஆலாபனைக்கு இடம் கிடைத்தது. மைக்கும் ஒலிபெருக்கியும் வந்துவிட்ட காலத்தில், உரத்து ஒலிக்க வேண்டும் என்ற பழைய தேவையும் தளர்ந்தது எனலாம்.

இந்த மாற்றத்துக்குத் துணை நின்றவர் திருவாவடுதுறைக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையின் ரங்கநாதன் ஆசாரி. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் நன்கு உலர்ந்த ஆச்சா மரத்தைக் கடைந்து நாகசுரம் செய்யும் ஊர் அது. 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்று கச்சேரிகளில் நாம் கேட்கும் பாரி நாகசுரம் அந்த முயற்சியின் வழி வந்ததே.

இங்கேதான் தொகுப்பின் பொறுப்பு தெரிகிறது. 5 கட்டை எங்கே, 2 கட்டை எங்கே! அந்த இறக்கம் நாகசுர வரலாற்றின் பெரிய நிகழ்ச்சி. அது எந்த ஆண்டில், எத்தனை படிகளில் நிகழ்ந்தது என்பதற்குக் காதால் கேட்கக்கூடிய சான்று அந்தப் பழைய தட்டுகள்தாம். வேகத்தில் 4 சுற்றுப் பிழை, அரைக் கட்டைப் பிழையாகிவிடும் என்று கண்டோம். அரைக் கட்டை பிசகினால் எந்தத் தட்டு முன்னது, எந்தத் தட்டு பின்னது, எதில் எந்தக் கருவி ஒலிக்கிறது என்ற வரிசையே குலைந்துபோகும். சுருதியைத் தாழ்த்தியதற்காகப் போற்றப்படும் கலைஞரை, கவனமில்லாத தொகுப்பு மீண்டும் மேலே ஏற்றிவிடுகிறது.

அமெரிக்காவில் ஒரு பாடம்

பழைய தட்டுகளைத் தொகுப்பதில் உள்ள சிக்கல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1950-களில் "ராக் அண்டு ரோல்" என்ற இசை வகை எழுந்தது. அதன் முன்னோடிகளுள் ஒருவர் கித்தார் கலைஞர் சக் பெர்ரி (1926–2017). 1955 முதல் அவர் சிகாகோவின் செஸ் கம்பெனியில் பாட்டுகளைப் பதிந்தார். அவை பக்கத்துக்கு ஒரு பாட்டாகச் சிறு தட்டுகளில் வெளிவந்தன. 1966-இல் அவர் மெர்குரி கம்பெனிக்கு மாறினார். அந்தக் கம்பெனி, அவருடைய பழைய புகழ்பெற்ற பாட்டுகளை அவரையே மீண்டும் பாடவைத்து 1967-இல் ஒரு தொகுப்பாக வெளியிட்டது. பாட்டு அதுவே, பாடியவரும் அவரே. ஆனால் 1950-களில் இளைஞர்களை ஆடவைத்த பதிவு அதில் இல்லை. அந்த மூலப் பதிவுகளை விரும்பியவர்கள், 1982-இல் செஸ் பெயரில் 28 பாட்டுகளோடு வந்த வேறொரு தொகுப்பைத் தேடிச் சென்றார்கள். உறையில் உள்ள பெயர்களைப் படித்தால் மட்டும் போதாது, பதிவு எந்த ஆண்டினது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே இதில் நாம் பெறும் பாடம்.

அதே சக் பெர்ரி 1958-இல் வெளியிட்ட ஒரு பாட்டு இப்போது விண்வெளியில் சென்றுகொண்டிருக்கிறது. 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்கள் இரண்டிலும், பொன்முலாம் பூசிய செப்புத் தட்டு ஒன்று வைக்கப்பட்டது. கார்ல் சேகன் தலைமையிலான குழு, உலகின் இசையிலிருந்து 27 பகுதிகளை அதற்காகத் தேர்ந்தெடுத்தது. நம் நாட்டின் கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவியும் அதில் உண்டு. இசைத்தட்டு வரலாற்றிலேயே மிகத் தொலைவு சென்ற தொகுப்பு இதுதான்!

அந்தத் தட்டின் உறையைக் கவனியுங்கள். தட்டு ஒரு சுற்று சுற்ற 3.6 விநாடி ஆக வேண்டும் என்று அதில் வரைந்திருக்கிறார்கள். விநாடி என்றால் என்னவென்று அறியாதவர்களுக்கும் புரியும்படி, ஹைட்ரஜன் அணுவின் ஒரு மாற்றத்துக்கு ஆகும் நேரத்தை அலகாகக் கொண்டு அதைக் குறித்திருக்கிறார்கள். சரியான வேகம் தெரியாவிட்டால், தட்டைக் கண்டெடுத்தவர் கேட்பது நம் இசையாக இராது என்று அவர்கள் உணர்ந்திருந்தனர். முன்பின் அறியாதவர்களுக்கு நாம் செய்த அந்த உதவியை, நம் பேரப்பிள்ளைகளுக்கும் செய்ய வேண்டாமா?

வீட்டிலேயே ஒரு சோதனை

மாணவர்கள் தாமே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரே தட்டிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்படும் இரண்டு தொகுப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் அதிர்வெண் காட்டும் செயலியைக் கொண்டு, ஒவ்வொன்றிலும் ஷட்ஜத்தின் அதிர்வெண்ணை அளவிடுங்கள். முதல் ஒலியிலிருந்து கடைசி ஒலி வரை ஆகும் நேரத்தையும் விநாடியில் குறியுங்கள். பின்பு இரண்டையும் பெருக்குங்கள்.

எடுத்துக்காட்டாக, ஒன்றில் அதிர்வெண் 311, நேரம் 200 விநாடி என்றால் பெருக்கல் 62,200. மற்றொன்றில் அதிர்வெண் 295, நேரம் 211 விநாடி என்றால் பெருக்கல் 62,245. இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. தட்டில் பதிந்துள்ள அதிர்வுகளின் எண்ணிக்கை, சுழலும் வேகம் மாறினாலும் மாறுவதில்லை. ஆகவே இரண்டும் ஒரே பதிவு. சுழற்றிய வேகம்தான் வேறு. பெருக்கல்கள் பொருந்தாவிட்டால் அவை வெவ்வேறு வாசிப்புகளாக இருக்கலாம். அல்லது கணினியில் சுருதியை மட்டும் மாற்றியிருக்கலாம். அல்லது ஒரு பகுதி வெட்டப்பட்டிருக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

இதுவரை கண்டவற்றைக் கொண்டு, ஒரு தொகுப்பை வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்தலாம். முதலாவது, ஒவ்வொரு பகுதிக்கும் மூலத்தட்டின் எண்ணும் ஆண்டும் தரப்பட்டுள்ளனவா? இரண்டாவது, எந்த வேகத்தில் சுழற்றினார்கள் என்றும், அதை எப்படி முடிவு செய்தார்கள் என்றும் சொல்லியிருக்கிறார்களா? மூன்றாவது, தவில் வாசித்தவரின் பெயர் உண்டா? நாகசுரத்தோடு இணைந்து ஒலிக்கும் தவிலுக்குரியவர் பெயரை விட்டுவிடும் தொகுப்பு, மற்றவற்றிலும் அவ்வளவு கவனமாக இருந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நான்காவது, தட்டின் இரு பக்கங்களை ஒட்டியிருந்தால், ஒட்டிய இடத்தைக் குறித்திருக்கிறார்களா? ஐந்தாவது, சீவாளியின் கூர்மை காதில் விழுகிறதா?

தட்டுகளோடு வானொலிப் பதிவும் கிடைக்குமானால் அதையும் விடக்கூடாது. சென்னை வானொலி நிலையம் 1938-இலும், காவிரிப் படுகைக்கு அண்மையிலுள்ள திருச்சி நிலையம் 1939-இலும் தொடங்கின. வானொலிக்கு மூன்று நிமிடக் கட்டுப்பாடு இல்லை. தட்டு இராகத்தின் சாரத்தைத் தரும். வானொலிப் பதிவு அதன் விரிவைத் தரும். இரண்டையும் ஒருங்கே வைத்த தொகுப்பே மாணவருக்குச் சிறந்தது.

நாம் முதலில் கண்ட மாணவரிடம் திரும்புவோம். கரகரப்புள்ள தொகுப்பும் தூய தொகுப்பும் அவர் கையில் இருக்கின்றன. முதலாவதில் தட்டின் எண்ணும் வேகமும் குறித்திருந்து, இரண்டாவதில் கலைஞரின் படம் மட்டும் அச்சாகியிருந்தால், அவர் தயங்காமல் முதலாவதை எடுத்துக்கொள்ளலாம். கரகரப்புக்குக் காது சிறிது நேரத்தில் பழகிவிடும். பிழையான சுருதிக்குப் பழகிய காதைத் திருத்துவது அவ்வளவு எளிதன்று. நாகசுரத்தை எடுத்து அவர் அந்தத் தட்டோடு சேர்ந்து வாசிக்கும்போது, இராஜரத்தினம் பிள்ளை நின்ற சுருதியில்தான் தாமும் நிற்கிறோம் என்ற உறுதி அவருக்கு வேண்டும். அந்த உறுதியைத் தருவதே நல்ல தொகுப்பு.